முதல் வாரத்துப் பண்டிதர்

முதல் வாரத்துப் பண்டிதர் என்றொரு இனம் நம்மிடையே பெருகிவிட்டது. பெரிய பெரிய பேராசிரியர்கள் காசு வாங்காமல் நம் கைப்போனுக்குள்ளேயே வந்து பாடம் நடத்த, லட்சம் பேர் ஆசையாய்ச் சேர்ந்து, இரண்டாம் வாரத்தில் பாவம் அவர்களைத் தனியாகப் பேசவிட்டு எழுந்து போகிறார்களே, அந்த இனம்தான்.

நெரவியில் இதன் தலைசிறந்த மாதிரி தமிழ்வேந்தன். காரைக்காலில் அலுவலக வேலை. பஸ்ஸில் போக வர வானியல், தேனீ வளர்ப்பு, அரசியல் சட்டம், பயிர்நோய் எல்லாவற்றிலும் சேர்ந்திருக்கிறார். பிரெஞ்சில் வணக்கம் சொல்வார். பதிலும் பிரெஞ்சில் வந்தால் நடையைக் கட்டுவார். ஆனால் ஏளனம் வேண்டாம். எந்தத் துறையானாலும் அதன் வரலாறும் முக்கியத்துவமும் அவருக்கு அத்துப்படி. அதற்கு மேல் என்ன வேண்டும்?

சம்பாப் பயிருக்கு வேண்டியிருந்தது.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன் மாறன் ஒருநாள் கைநிறைய நெல்தாளோடு வந்து நின்றான்.

"அத்தான், பயிரு கருகிக்கிட்டே வருது. உரக்கடக்காரரு குடுத்த மருந்த அடிச்சும் கேக்கல."

பண்டிதர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "கண்ணு மாதிரி புள்ளி. நடுவுல சாம்பல், ஓரத்துல பழுப்பு. குலைநோய், மாப்ளே! படத்துல பாத்த மாதிரியே இருக்கு. அருமை!"

"அருமையா? என்ன மருந்து அடிக்கிறது?"

"மருந்து மூணாவது வாரத்துலல்ல வருது?"

மனைவி ஞானசௌந்தரி உள்ளேயிருந்து வந்தாள். "அப்ப அதப் பாத்துட்டு வந்து சொல்லுங்களேன். வருசத்துச் சோறுங்க அது."

"ரெண்டாவதப் பாக்காம மூணாவதுக்குப் போறதா? அஸ்திவாரம் வேணாமா? ஞாயித்துக்கிழம வரட்டும்."

ஞாயிறும் வந்தது. அதற்குள் புள்ளி பாதி வயலைத் தின்றிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பாடத்தைத் திறந்தார், சத்தியமாகத் திறந்தார். ஓரத்தில் இன்னொரு படிப்பு கண்ணடித்தது: நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி? இலவசம். சேராமல் இருக்க முடியுமா? நெருக்கடியின் வரலாற்றைக் கேட்டபடியே நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

நழுவிய போனை ஞானசௌந்தரி எடுத்தாள். அஸ்திவாரமே இல்லாமல் மூன்றாவது வாரத்துக்குப் போனாள். கூடவே உட்கார்ந்து கேட்ட மாறன் மருந்து வாங்கி அடிக்க எழுந்து ஓடினான். மிச்சமிருந்த பாதி வயல் தப்பியது.

எடுத்ததை முடிக்கும் கெட்ட பழக்கம் அவளுக்கு. கடைசி வாரம் வரை பார்த்து, தேர்வும் எழுதினாள். சான்றிதழ் வந்தது. படிப்பில் சேர்ந்த கணக்கு யாருடையதோ, அவர் பெயரில்.

இன்று அது சட்டம் போட்டுக் கூடத்தில் தொங்குகிறது. "எதையும் பாதியில விடக்கூடாதுங்க, பாதி வயலக் காப்பாத்துனது அதுதான்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

"மத்த பாதி எந்த வாரத்துல போச்சுன்னும் சொல்லுங்க" என்று காப்பியை வைத்துவிட்டுப் போகிறாள் அவள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் போனிலும் ஒன்று கிடக்குமே, அது எந்த வாரத்தில் நிற்கிறது? எதுவுமே கிடையாதா? நல்லது. அப்படியானால் முதல் பத்தியை முடித்த கையோடு நேரே இங்கே தாவி வந்த நீங்கள், நடுவில் அந்தப் பயிர் என்னவாயிற்று என்றாவது ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.