எதிரொலி கேட்ட கேள்வி

மலையோடு சண்டை போட்டு, அதனோடு சமாதானமாகி, பிறகு அதனிடமே யோசனை கேட்டு நடந்தவன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அவன் திண்டுக்கல்லில், எங்கள் பள்ளிக்கூட ஹாஸ்டலில், எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்திருந்தான். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அவனுக்கென்று ஏதோ ஒரு பெயர் வரும். அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். எங்கள் எல்லோருக்கும் அவன் எதிரொலி.

அந்தப் பெயர் வந்த கதை இது. அறுபதுகளின் தொடக்கம். எங்கள் பூகோள வாத்தியார் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு, ‘ப்ராஜெக்ட்’ என்ற வார்த்தையைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "கன்னிவாடி மலையடிவாரத்துல முகாம் போடுறோம். திரும்பி வந்து, அங்க பாத்ததை வச்சு ஆளுக்கொரு ப்ராஜெக்ட் காட்டணும். உங்க வீட்டுல இருந்தெல்லாம் பாக்க வருவாங்க" என்றார். இந்தச் செய்தி சமையற்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ‘ப்ரொஜெக்டர் காட்டப் போறாங்க’ என்று ஆகிவிட்டது. சமையல்கார சூசையண்ணன் அன்று சாயங்காலமே குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். "என்ன படம்லே? சண்டைப் படமா?"

கன்னிவாடியில் கூடாரம் அடித்தோம். முளைக்குச்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்தோம், கட்டைவிரல் உட்பட. பிறகு இலை, கல், குருவிக்கூடு என்று ப்ராஜெக்ட்டுக்குப் பொறுக்கக் கிளம்பினோம். முள் வகைகளைச் சேகரித்தவனுக்கு அலைச்சலே இல்லை. பாதி முள்ளை வாத்தியாரின் காலிலிருந்தே பிடுங்கிக்கொண்டான்.

நம் ஆள் மட்டும் ஒரு பெரிய பாறைக்கு எதிரே தனியாகப் போய் நின்றான். சும்மா இருக்க முடியாமல், "ஏலேய்!" என்று ஒரு சத்தம் கொடுத்தான்.

"ஏலேய்!" என்றது பாறை.

"யாரப் பாத்துலே ஏலேங்குற?"

"ஏலேங்குற?"

"தைரியமிருந்தா இறங்கி வாலே!"

"வாலே!"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேலே ஏறியவனை இரண்டு பேர் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. வாத்தியார் வந்து எதிரொலி என்றால் என்ன என்று விளக்கினார். கவனமாகக் கேட்டுக்கொண்டான். பிறகு பாறையைப் பார்த்து, "கோவமாண்ணே?" என்றான். "அண்ணே?" என்றது அது. "மரியாத தெரிஞ்ச மலைதான்லே" என்று சிரித்தான். அந்த நிமிஷம் அவனுக்குப் பெயர் வைத்தாயிற்று.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவனைக் காணோம். கூட்டி வரப் போனேன். அவன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் வந்தது தெரியாது.

"என்னயப் பாக்க யாரு வருவா?" என்று மலையிடம் கேட்டான்.

"வருவா" என்றது மலை.

திரும்பியவன் என்னைப் பார்த்துவிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியாலே? வருவாங்குது."

அவனுக்கு அப்பா, அம்மா இல்லை. மாமன் ஒருவர் ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதோடு சரி. ஒரே ஒரு அக்கா, மூணாறு பக்கம் தேயிலை எஸ்டேட்டில் வாக்கப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பார்க்க வீட்டிலிருந்து ஆள் வரும், முறுக்கு வரும், அழுகை வரும். அவன் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி, பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாங்கள் கொடுத்தால் முறுக்கை வாங்கிக்கொள்வான், சுவரைவிட்டு இறங்க மாட்டான். அவனுடைய அந்த முதுகைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஊர் திரும்பிய பிறகு அவன் தொல்லை தாங்கவில்லை. காலியாக இருக்கிற எதையும் விடமாட்டான். குடம், தண்ணீர்த் தொட்டி, ரயில் பாலத்தின் அடி, எல்லாவற்றிலும் போய்ப் பேசுவான். ஒரு நாள் சோற்று அண்டாவுக்குள் தலையை விட்டு, "இன்னிக்கி சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோது சூசையண்ணன் வந்துவிட்டார்.

"ஏலே, அண்டாக்குள்ள என்னலே பேச்சு?"

"பேசலண்ணே, கேக்குறேன்."

"அதென்ன சொல்லுது?"

"அதுக்கும் தெரியலையாம்ணே. ‘என்ன?’ன்னு என்னையே கேக்குது."

"எனக்கே தெரியாதுலே, அதுக்கு எப்படித் தெரியும்!" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு விரட்டினார்.

கண்காட்சி நாள் வந்தது. மற்றவர்களின் ப்ராஜெக்ட் மேஜைமேல் இருந்தது. எதிரொலியின் ப்ராஜெக்ட் ஹாஸ்டலுக்குப் பின்னால் இருந்த, தண்ணீர் வற்றிய பாழுங்கிணறு. "மலைக்குத் தங்கச்சிங்க இது. என்ன வேணாலும் கேளுங்க" என்று வருகிறவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துவந்தான். ஒருவர் குனிந்து, "எம் மகன் உருப்படுவானா?" என்று கேட்டார். "படுவானா?" என்றது கிணறு. "படுவான், படுவான், வீட்டுக்கு வரட்டும்!" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். கூட்டம் அலைமோதியது.

எதிரொலி ஒரு குச்சியை வைத்துக்கொண்டு விளக்கம் சொன்னான். "நாம சொல்றது முழுசும் திரும்பி வருதுங்க. முன்பாதி வாரப்ப நாமளே பேசிக்கிட்டு இருக்கோம், அதனால காதுல விழாது. கடைசி வார்த்த மட்டுந்தான் கேக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. அப்படியானால் கன்னிவாடியில் அந்த ‘யாரு’ எங்கே போயிற்று என்பது இவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் அந்தச் சிரிப்பு சிரித்திருக்கிறான்.

வடமதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மாவும் கிணற்றருகே நின்றிருந்தாள். அவன் விளக்கம் சொன்ன அழகில் மயங்கி, "கெட்டிக்காரப் புள்ள! ஒங்க வீட்டுல இருந்து யாருப்பா வருவா?" என்று கேட்டாள்.

அவன் சாலைப் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "வருவாம்மா" என்றான்.

பரிசு இலை ஆல்பத்துக்குப் போயிற்று. கிணற்றை மேடைக்குத் தூக்கி வர முடியாது என்று வாத்தியார் வருத்தப்பட்டார். பொழுது சாயும் வரைக்கும் அக்கா வரவில்லை. எல்லோரும் பஸ் ஏறிய பிறகும் அவன் குச்சியும் கையுமாகக் கிணற்றருகே நின்றுகொண்டிருந்தான், யாராவது விளக்கம் கேட்க வரலாம் என்பதுபோல.

அந்த வருஷம் பரீட்சை முடிந்ததும் மாமன் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார். எந்த ஊருக்கு என்று தெரியாது. அவன் நிஜப் பெயரை எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன், ஞாபகம் வரவில்லை. விசாரிப்பதற்கு என்னிடம் ஒரு பட்டப்பெயர்தான் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் எங்காவது ஒரு பாறைக்கு முன்னாலோ, பாழுங்கிணற்றடியிலோ, தனியாகப் பேசிக்கொண்டிருக்கும் பெரியவர் ஒருவரைப் பார்க்கலாம். பைத்தியம் என்று ஒதுங்கிப் போய்விடாதீர்கள். செத்த நேரம் பக்கத்தில் நில்லுங்கள். என்னைப் பார்க்க யார் வருவார்கள் என்று அவர் கேட்டால், எனக்காக ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: "நான் வாரேன்லே."