எரிமலைக்கு ஒரு கண்டனத் தீர்மானம்

ஐரோப்பாக் கண்டத்தின் அடியில் கிடக்கும் பாறையையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பெருமை, பாரிஸ் லா சப்பல் கலைச்சுடர் மன்றத்தையே சாரும்.

விஷயம் சிறியது. மன்றத்தில் நிர்வாகிகள் இருபத்தொரு பேர். விழா என்றால் இருபத்தொரு பேரும் மேடையில் கதிரை போட்டு இருந்தாக வேண்டும். ஒருவர் கீழே இருந்தாலும் மறுநாள் புது மன்றம் ஒன்று தொடங்கிவிடும். ஆகவே போன மாதம் மன்ற மண்டபத்தின் நடுச்சுவரை இடித்து மேடையை நீட்டினார்கள். இரண்டு நாளில், மேல்மாடியில் குடியிருக்கும் சிவாஜினியின் ஒன்றரை வயது மகள் படுக்கும் அறையில், விரல் நுழையும் அளவுக்குத் தரை பிளந்தது. சிவாஜினிக்கு நித்திரை போயிற்று. மாறிப் போக வேறு வீடும் இல்லை.

தலைவர் தில்லையம்பலம் மனமிளகினார். பிளவைப் போய்ப் பார்க்கவில்லை. 'புவியோட்டுத் தகைப்பு விசாரணைக் குழு' ஒன்றை நியமித்தார். பிரான்ஸின் நடுவிலுள்ள ஓவெர்ன் எரிமலைப் பகுதியில் சின்னச் சின்ன நிலநடுக்கங்கள் கூட்டமாக வருவதாகச் செய்தியில் கேட்டிருந்தார். குழு ஒரே அமர்வில் உண்மையைக் கண்டுபிடித்தது.

"கவலைப்படாதையும் பிள்ளை. இது எரிமலையின்ரை வேலை. நாங்கள் கண்டனம் தெரிவிக்கிறம்," என்று சிவாஜினிக்கு ஆறுதல் சொன்னார் தலைவர்.

"எரிமலை நானூறு கிலோமீற்றருக்கு அங்காலை, அண்ணை. சுவர் என்ரை வீட்டுக்குக் கீழை இருந்தது."

"அறிவியலை உணர்ச்சியாலை பாக்கக் கூடாது."

அறிவியலுக்கும் ஆள் பிடித்தார்கள். நிலநடுக்கங்களை அளக்கும் ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நிரோஜினியை ஞாயிறு மத்தியானம் மண்டபத்தில் கூடிய கூட்டத்துக்கு அழைத்தார்கள். வரவேற்புரைகளும் பொன்னாடைகளும் இரண்டு மணி நேரம். அவளுக்கு ஐந்து நிமிடம். மேலே சிவாஜினியின் கணவன் உதயன் பிள்ளையை நித்திரையாக்கிக்கொண்டிருக்க, சிவாஜினி முன்வரிசையில் கையைப் பிசைந்தபடி இருந்தாள்.

"நிலத்துக்குக் கீழை தகைப்பு, அதாவது பாறையிலை ஏறுற அழுத்தம், கூடிக்கொண்டு போகும். பாறையாலை தாங்க ஏலாமல் போனால் கொஞ்சம் கொஞ்சமாய் வழுக்கும். அதுதான் இந்தக் குட்டி நடுக்கங்கள். பாரிஸிலை இதுக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணிகூட ஆடாது," என்றாள் நிரோஜினி.

"பாத்தியளோ! தாங்க ஏலாதெண்டு நிபுணரே சொல்லிப்போட்டா!" என்றார் தலைவர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

"நான் பாறையைச் சொன்னனான், அங்கிள். இஞ்சை தாங்கின சுவரை நீங்கள்தானே எடுத்தனீங்கள்?"

'நேரமின்மை காரணமாக' ஒலிவாங்கி அவளிடமிருந்து பறிக்கப்பட்டது. தீர்மானம் வாசிக்கப்பட்டது: மன்றக் கட்டடம் உறுதியானது, ஓவெர்ன் எரிமலைகளை மன்றம் வன்மையாகக் கண்டிக்கிறது.

ஆதரித்து இருபத்தொரு பேரும் எழும்ப, மேலே படீரென்று ஒரு சத்தம். முகட்டுச் சாந்து உதிர்ந்து தலைவரின் பொன்னாடையில் விழுந்தது. அறுபது வயதில் அவர் ஓடிய ஓட்டம் மன்றத்தின் விளையாட்டுப் பிரிவுக்கே பெருமை. சபையும் நிர்வாகமும் தெருவில் நின்றன. சிவாஜினி மட்டும் மேலே ஓடினாள்.

தெருவில் நின்றபடியே தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கையெழுத்திட வேண்டிய குறிப்பேடு உள்ளே மேடையில் கிடந்தது.

"ஆராவது அதை எடுத்துக்கொண்டு வாங்கோ," என்றார் தலைவர். இருபது பேரும் ஆளையாள் பார்த்தார்கள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சிவாஜினி உதயனோடு இறங்கி வந்தாள்.

"நீங்களே போய் எடுங்கோ அண்ணை. உறுதியான கட்டடம்தானே? என்ரை பிள்ளை ஒரு மாசமா அதுக்கு மேலைதான் படுத்தது."