மாசிலாமணியின் ஹவாய் லீவு

கடலை ஒட்டிச் சவுக்கும் தாழையுமாக மண்டிக் கிடந்த ஒரு காட்டில் மாசிலாமணி என்றொரு கீரி இருந்தது. தேன் ஆபீசில் குமாஸ்தா வேலை. அலைமேல் நிமிர்ந்து நின்று சறுக்க வேண்டும், அதுவும் வெளிநாட்டு அலையில் சறுக்க வேண்டும் என்பது அதன் ஆசை. பலகை வாங்கியாகிவிட்டது. எந்த ஊருக்குப் போவது என்பதுதான் பாக்கி.

கடல் கடலாகச் சுற்றி வந்த ஆமை தேவசகாயத்திடம் போய்க் கேட்டது.

"ஹவாய்னா மார்கழி, தை" என்றது ஆமை. "வடக்குக் கரையில அலை பனைமரம் மாதிரி எழும்பும். ஆடியில போனா அதே இடம் குளம். ஆடிக்குப் பாலி நல்லது. குளிர் தாங்குவீங்கன்னா ஐப்பசிக்கு மேல போர்ச்சுகல்."

மாசிலாமணி அன்றைக்கே காடு முழுக்க ஹவாய் போகப் போவதாகச் சொல்லிவிட்டு, மார்கழிக்கு லீவு கேட்டது.

"மார்கழியில நான் தூங்குவேன். ஆபீசை யாரு பார்க்கிறது?" என்றது மேலாளர் கரடி. "ஆடியில போய்க்கோ."

"அப்ப பாலிக்குப் போயிட்டு வாங்களேன்" என்றது மனைவி பொற்கொடி.

"ஊரெல்லாம் ஹவாய்னு சொல்லியாச்சு. இப்பப் போய் பாலின்னா என் மானம் என்ன ஆகிறது?"

ஆடியில் ஹவாயின் வடக்குக் கரையில் போய் இறங்கியது மாசிலாமணி. கடல் துடைத்து வைத்த தாம்பாளம் போலக் கிடந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட வாத்து ஒன்று அதில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. மாசிலாமணி தினமும் பலகையோடு போய் நின்றது, தினமும் காய்ந்த வாலோடு திரும்பியது. ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்க நெருங்க அதற்குச் சோறு இறங்கவில்லை. கரடி சிரிக்கும். முயல் கூடச் சிரிக்கும்.

கடைசியில் பலகையை மணலில் நட்டு, அதன் முன்னால் சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு படம் எடுத்தது. 'அலை வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது' என்று எழுதி, காட்டின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது.

காடே உருகிவிட்டது. மான் அழுதது. கரடி இதயக்குறி போட்டது. ஊர் திரும்பிய மாசிலாமணிக்கு மாலை மரியாதையெல்லாம் நடந்தது. வேலையை விட்டுவிட்டுக் கடற்கரையிலேயே 'உள்ளலை முகாம்' ஆரம்பித்தது.

"தம்பி, ஆடியில அங்க அலையே கிடையாதே" என்று இழுத்தது ஆமை.

"பெரியவரே, நெகட்டிவா பேசாதீங்க" என்று முயல் அதன் வாயை அடைத்தது.

ஆவணியில் ஒரு காலை. முகாமுக்கு வந்தவர்கள் எல்லாரும் மணலில் வரிசையாக உட்கார்ந்து கண்களை இறுக மூடி இருந்தார்கள். நனைய யாருக்கும் அனுமதி இல்லை. அப்போது கடலில் ஓர் இரைச்சல் கிளம்பியது. மாசிலாமணி ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தது.

பச்சைச் சுவர் போல ஓர் அலை எழுந்து வந்தது. அதன் உச்சியில் உடைந்த கதவு ஒன்று. கதவின் மேல் பொற்கொடி! மாசிலாமணி ஊரில் இல்லாத நாட்களில் பழகிய பழக்கம். வாலை ஒரு பக்கம் வீசி, உடம்பை வளைத்து, அலை விழுந்து நுரையாகும்வரை நின்றபடியே சறுக்கி வந்தது.

மாசிலாமணிக்கு ஓடிப் போய் அந்தக் கதவில் தொற்றிக்கொள்ளலாமா என்று கால் துடித்தது.

"ஐயா, என்னமோ சத்தம் கேட்குதே, கண்ணைத் திறக்கலாமா?" என்றது கரடி.

மாசிலாமணி தொண்டையைக் கனைத்துக்கொண்டது.

"திறக்காதீங்க. அதுதான் உள்ளலை. எல்லாருக்கும் வந்துக்கிட்டிருக்கு."

மான் மறுபடியும் அழுதது.

நீதி: பருவம் அறிந்தவர் அலையில் சறுக்குவார், அறியாதவர் முகாம் நடத்துவார். கண்ணை மூடிக்கொள்ள ஆள் கிடைக்கும்வரை, நனையாத தொழிலே நல்லது.