ஒரு மணிக்கு அழைப்பு மணி

முந்திரி விளையாத குளிர்நாட்டிலும் முந்திரிக்கொட்டைகள் உண்டு. எங்கள் ஸ்வீடனில் தடுக்கி விழுந்தால் அப்படி ஒருவர் மேல்தான் விழவேண்டும். அவரும் நீங்கள் விழுவதற்கு முக்கால் மணி முன்பே அங்கே வந்து நின்றிருப்பார். ரயில் பத்து மணிக்கென்றால் எட்டரைக்கே நடைமேடையில் பெட்டியும் கையுமாக நிற்பவர், பல் வலிக்கு முன்பே பல் மருத்துவரிடம் நேரம் குறித்துவைப்பவர், பனி உருகுமுன் கோடை விடுமுறைக்குச் சட்டை மடித்துவைப்பவர், போன இடத்தில் உட்காருமுன் கிளம்புவதைப் பற்றிப் பேசுபவர். தெரியும்தானே?

சுண்ட்ஸ்வால் ஊர் ஹோல்கரைப் பாருங்கள். மனைவி சிக்னேயையும் எட்டு வயது மகள் தூவாவையும் கூட்டிக்கொண்டு இரண்டே நாள் பயணமாக ஸ்டாக்ஹோம் வந்தார். சனிக்கிழமை அரண்மனைக் காவல் மாறும் அணிவகுப்புக்கு ஒன்றரை மணி முன்பே போய் நின்றதில், காவலரே கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். அருங்காட்சியகங்களை எல்லாம் பூட்டிய கதவாகவே கண்டுகளித்தார்கள். தூவாவுக்கு அதில் வருத்தமே இல்லை. தண்ணீருக்கு அக்கரையில், தீவுப் பூங்காவில் ஒரு ராட்டின ரயில் ஓடுகிறது. அதில் ஏறத் தேவையான உயரத்தை அவள் இந்த வசந்தத்தில்தான் தொட்டிருந்தாள். அவள் இந்த ஊருக்கு வந்ததே அதற்குத்தான்.

ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு சிக்னேயின் அக்கா குன்வோர் வீட்டில் காப்பி. மூன்றரைக்கு ஊர் ரயில். ஹோல்கர் பன்னிரண்டே காலுக்கே குன்வோரின் வாசலில், பூங்கொத்தோடு குடும்பத்தை நிறுத்திவிட்டார். மணியை அடிக்க வேண்டியதுதானே? கூடவே கூடாது! முந்தி அடித்தால் அநாகரிகம், பிந்தி அடித்தால் அவமானம். அதுவரை கட்டடத்தைச் சுற்ற வேண்டும்.

சுற்றினார்கள். எதிரே உப்சாலாவிலிருந்து வந்திருந்த உறவினர் பெர்ட்டிலும் பூங்கொத்தோடு சுற்றிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடுமே!

"அப்பா, ராட்டினம் இங்கேருந்தே தெரியுது."

"காப்பி குடிச்சிட்டு வந்து பார்க்கலாம்டா."

"பார்க்கிறதுக்கா? ஏறணும்ப்பா!"

"ரயிலிருக்கே. ரெண்டு மணிக்கு ஸ்டேஷன்ல இருக்கணும்."

சிக்னே நின்றார். "மூணரை ரயிலுக்கு ரெண்டுக்கா? அதுல ஏறப்போறியா, இல்ல கட்டி முடிக்கப்போறியா? நீ இங்கயே வட்டமடி. நாங்க அங்க போய் வட்டமடிச்சிட்டு வர்றோம்."

மகள் கையைப் பிடித்தார். இருவரும் சிரித்துக்கொண்டே மேட்டிலிருந்து படகுத்துறைக்கு ஓடினார்கள். மஞ்சள் மழைக்கோட்டில் நின்ற ஹோல்கர் என்ன செய்வார்? சுற்றினார்.

ஒரு மணி ஆனது. வாசலில் பெர்ட்டில் முகமெல்லாம் வியப்பாகி, "அட, ஹோல்கர்! நீயும் இப்பத்தான் வர்றியா?" என்றார்.

"இல்ல," என்றார் ஹோல்கர் பரிதாபமாக. "நான் இன்னும் வரலை."

பெர்ட்டில் உள்ளே போனார். பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் ஹோல்கர் எப்படிப் போவார்? ஒன்று ஐந்து. ஒன்று பத்து. பிறந்த நாள் முதல் இப்படியொரு அவமானத்தை அவர் கண்டதில்லை.

ஒன்று இருபதுக்குத் தலைவிரிகோலமாக ஓடி வந்தார்கள். "அப்பா! ஏறிட்டேன்! உச்சியில போனப்பல்லாம் கீழ மஞ்சக் கோட்டுல நீ சுத்திக்கிட்டே இருந்தே! எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. உனக்கு?"

"கலக்கிடுச்சும்மா," என்றார் ஹோல்கர், மனதார.

அவர் மணியை அழுத்துமுன் கதவு திறந்தது. "வாங்க, வாங்க!" என்றார் குன்வோர். "பன்னெண்டேகால்லேர்ந்து ஜன்னல் வழியா உங்க ஊர்வலத்தைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். பதினொண்ணுக்கே போட்ட காப்பி, ஆறிப்போச்சு!"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று: கதை எப்படி முடிகிறதென்று இந்தப் பத்தியை முதலில் பார்த்துவிட்டுத்தானே மேலே போனீர்கள்? எழுந்து, கட்டடத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள்.