ஜீவராணி மேசைக் கண்ணாடி கண்ட படலம்

வாழ்க, மைக்கோல் ஏந்திய மலர்க்கரத்தாள்! றக்வான மலைமுடிகள் முகிற்கவசம் பூண்டு காவல் நிற்க, தேயிலைப் பசுங்கடல் நாற்புறமும் அகழியாய்ச் சூழ, தகரக்கூரைத் தொழிலாளர் லயத்தின் கடைசி அறையாம் காம்பராவில் அவதரித்தவளும், கடைவீதியில் றம்ஸியா என்னும் வணிகப் பேரரசியின் பேன்சிக் கடையில் பவுடரும் பொட்டும் விற்கும் பெருந்தொழில் ஏற்றவளுமாகிய ஜீவராணியின் வெற்றியை உரைக்கப் புகுந்தோம். மலைத்தெய்வங்களே, எம் நாவுக்குத் துணை வருக!

அவ்வீட்டில் கண்ணாடி ஒன்றே. உள்ளங்கை அகலமுடைய அது வாசற்கால் ஆணியில் தொங்கிற்று. வைகறைதோறும் அதன்முன் அண்ணன் தனுஷன், சீப்பென்னும் வேலேந்தி, நடுவகிடென்னும் நாட்டெல்லையை அழித்தழித்து வகுத்துக்கொண்டிருப்பான். அவன் தோளுக்கும் காதுக்கும் இடைப்பட்ட கணவாயினூடே ஜீவராணி தன் முகத்தைத் துண்டுதுண்டாகக் கண்டு தேறுவாள். அவ்வாறு ஒருநாள் வலக்கன்னம் வெண்ணிலவாகவும் இடக்கன்னம் வெறுங்கன்னமாகவும் கடையேறினாள். வாடிக்கைப் பெண்கள் சிரித்தனர். அவர்கள் போனபின் றம்ஸியா தணிந்த குரலில், "ஒங்கட மொகம்தானே தங்கச்சி நம்மட கடைக்கு பேர் போர்ட்டு. இப்பிடி வந்தா ஆரு பவுடர் வாங்குற?" என்றாள்.

அச்சொல் அம்பாய்த் தைத்தது. வேலை போய்விடுமோ என்ற அச்சம் ஒருபுறமும் மானம் ஒருபுறமும் உந்த, அன்று மாலை வீட்டு நடுவே நின்று சபதம் உரைத்தாள்: "மேசையில நிக்கிற கண்ணாடி ஒண்ணு நானே செய்யப் போறேன். அதுல தலை சீவ யாருக்கும் எடமில்ல."

கிழித்த கலண்டர்த் தாளின் முதுகில் சித்திரம் எழுந்தது: முட்டை வடிவ ஆடி, அதனை இருபுறமும் தாங்கும் கடைந்தெடுத்த தூண்கள், வேண்டியபடி சாயும் திருகாணிகள், அடியிலே மைக்கும் பொட்டுக்கும் ஒரு சிற்றறை. கண்ணாடிக்கடை மர்சூக் ஆடி அறுத்தான். தோட்டத்துத் தச்சர் இராமசாமி பலாமரத்தில் தூண் கடைந்தார். பூட்டி நிறுத்திய மாத்திரத்தில் அந்த மாமணி ஆடி குப்புறக் கவிழ்ந்து பவுடர் டப்பாவைக் கட்டித் தழுவிற்று. அடிப்பலகையை அகலமாக்கினாள். இப்போது நின்றது. ஆயினும் அவள் மை தீட்டத் தீட்ட, ஆடி மெல்ல மெல்ல அண்ணாந்து, கூரைத் தகரத்தையும் அங்கு உறங்கிய பல்லியையுமே காட்டிற்று. ஆணியை இறுக்கினாள், அசைய மறுத்தது. தளர்த்தினாள், மீண்டும் பல்லி.

சோர்ந்து குந்தியவளின் பார்வை வாசலில் கிடந்த தனுஷனின் புதுச் செருப்பில் விழுந்தது. ஆகா, ரப்பர்! கத்தியெடுத்தாள், இரு குதிகால்களிலும் காசளவு வட்டம் வெட்டினாள், தூணுக்கும் சட்டத்துக்கும் நடுவே செருகித் திருகினாள். சாய்த்த இடத்தில் ஆடி தவமுனிவர்போல் நின்றது. ஜன்னலோரம் வைத்துக் குனிந்தாள். தன் இரு காதுகளையும் ஒருசேரக் கண்டது அன்றுதான். சற்றுநேரம் பவுடரைத் தொடக்கூட மறந்திருந்தாள்.

தனுஷனின் குதிகாலில் லயத்துச் சேறு புகுந்ததும், அவன் இடியென முழங்கியதும் இங்கு விரிப்பிற் பெருகும். தாய் மூக்காயியோ மகளின் பெருமையைத் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்ற பெண்களிடமெல்லாம் பறைசாற்றிவிட்டாள். மறுநாள் வைகறையில், ஓப்பநாயக்க ஊரில் கல்யாணத்துக்குப் புறப்பட்ட பக்கத்துக் காம்பரா இராஜகுமாரி தலைமையேற்க, சீப்பும் பூச்சரமும் ஏந்திய மகளிர்சேனை வாசலை முற்றுகையிட்டது. சேனையின் வாலிலே தனுஷன்.

ஜீவராணி தன் சபதத்தை நினைவூட்ட வாயெடுத்தாள். மூக்காயி கையமர்த்தி, "கல்யாணத்துக்குப் போறவங்கடி, செத்த விடு" என்றாள். ஜன்னலோரம் அமர்ந்த இராஜகுமாரி ஆடியைச் சாய்த்தும் நிமிர்த்தியும் அதன் திறத்தை வியந்து வியந்து கொண்டை முடிந்துகொண்டிருக்க, மலைவளைவில் ஜீவராணியைக் கடைக்கு ஏற்றிச்செல்லும் பேருந்தின் சங்கநாதம் எழுந்து திசையெட்டும் அதிர்ந்தது.

ஜீவராணி பஸ்ஸில் பொட்டு வைத்துக்கொண்டாள்.