நாற்பது ஊட்டச்சத்து மருந்தாளர்கள்

என் வாழ்க்கையில் நான் நடத்தியது ஒரேயொரு மாநாடு. அழைத்தவர்களில் ஒருவர்கூட வரவில்லை. ஆனால் மண்டபத்தில் நிற்க இடமில்லை. அது எப்படி என்று யாராவது கேட்டால் நான் வழக்கமாகத் தண்ணீர் குடிக்க எழும்பிப் போய்விடுவேன். (இன்றைக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன், தப்ப வழியில்லை.)

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருடங்கள். எனக்கு இருபத்தாறு வயது. மன்னார்த் தீவில் ஒரு சின்ன வைத்தியசாலையில் மருந்தாளர். பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். அலுமாரியில் இருக்கும் நாலு வகை மருந்தை நாற்பது வகை நோய் வருத்தத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கிற வேலை. ஒருநாள் கொழும்பிலிருந்து வந்த மருந்துப் பெட்டிக்குள் போத்தல் உடையாமல் இருக்க ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையைக் கிழித்துத் திணித்திருந்தார்கள். அதில் 'ஊட்டச்சத்து மருந்தாளர்கள்' என்று ஒரு கூட்டம், கழுத்தில் அட்டை தொங்க, மாநாட்டு மேடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நானும் ஊட்டச்சத்து மருந்தாளர். (நியமித்தது நான்தான்.)

வெறும் எடுப்பு, பகட்டு என்றும் சொல்ல முடியாது. தீவுக்குள் இருந்த அகதி முகாமில் பிள்ளைகள் எலும்பும் தோலுமாகக் கிடந்தார்கள். அப்படியான பிள்ளைகளுக்கென்றே தயாரித்த பால்மா கொழும்புக் களஞ்சியத்தில் இருந்தது. அனுப்பச் சொல்லிக் கேட்டால், அதைச் சரியாகக் கரைத்துக் கொடுக்கப் பயிற்சி பெற்றவர்கள் குறைந்தது முப்பது பேர் இருந்தால்தான் அனுப்புவோம் என்று சுகாதாரக் கந்தோர் பதில் போட்டது. புத்தியுள்ள ஒருத்தி அரைநாள் வகுப்பொன்று வைத்துக் காரியத்தை முடித்திருப்பாள். நான் மாநாடு நடத்துகிறேன், ஒரு பெரிய டொக்டரை அனுப்புங்கள் என்று எழுதினேன். அனுப்பிவிட்டார்கள்.

பங்குக் கோயில் மண்டபம் கிடைத்தது. பழைய படுக்கை விரிப்பில், வாய்ப்புண்ணுக்குப் பூசும் ஊதா மருந்தால் 'ஊட்டச்சத்து மருந்தாளர் மாநாடு' என்று எழுதினேன். மருந்துப் பெட்டி மட்டையை வெட்டி நாற்பது அட்டை, அவற்றைக் கழுத்தில் தொங்கவிடக் காயத்துக்குச் சுற்றும் பண்டேஜ். நாற்பது சான்றிதழ்களைத் தட்டச்சு செய்து, முதல் நாளே வந்து சேர்ந்துவிட்ட பெரிய டொக்டரிடம் கையொப்பமும் வாங்கினேன். என் உரையின் தலைப்பு 'மந்தபோசணை ஒழிப்பில் ஊட்டச்சத்து மருந்தாளரின் வகிபாகம்'. பங்கு என்றாலே போதும், ஆனாலும் வகிபாகம் என்ற சொல்லைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகினேன்.

தீவுக்குள் இருந்த மருந்தாளர் நான் ஒருத்திதான். நான் அழைத்திருந்த மற்ற எல்லாரும் பெருநிலத்திலிருந்து பாலம் கடந்து வரவேண்டும். மாநாட்டன்று காலை இராணுவத்தினர் பாலத்தை மூடிவிட்டார்கள்.

சேதி வந்தபோது நான் பங்குத்தந்தையின் வீட்டில் டொக்டருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தமிழ் தெரியாதது அந்த நேரம் பெரிய உதவி. இன்னொரு தேநீர், பிறகு பனங்காய்ப் பணியாரம், பிறகு மறுபடி தேநீர் என்று இழுத்தேன். முப்பது பேர் இல்லையென்றால் பால்மா இல்லை. அப்போதுதான் எங்கள் வைத்தியசாலைச் சிற்றூழியர் அந்தோனியண்ணை வாசலில் வந்து நின்றார்.

"மிஸ், மண்டபம் நிரம்பீற்று. கதிரை காணாது."

"என்ன? ஆக்கள் வந்திட்டினமோ?"

"ஓம் மிஸ். அட்டையெல்லாம் முடிஞ்சுது. கெதியா வாங்கோ, சனம் நெருக்குப்படுகுது."

பாலம் மூடியிருந்தும் என் மாநாட்டுக்காகக் கடலில் வள்ளம் பிடித்து வந்திருக்கிறார்கள்! நான் அப்படித்தான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் டொக்டருக்கும் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டார்.

மண்டபத்துக்குள் போனால் மருந்தாளர்கள் பாதிப்பேர் மடியில் குழந்தையோடு இருந்தார்கள். சிலர் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் வெறும் பை. தொழிலில் இவ்வளவு பெண்கள் வந்துவிட்டார்களே என்று எனக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. (இருபத்தாறு வயதில் மூளை அப்படித்தான் வேலை செய்யும். எனக்கு அப்படித்தான் செய்தது.)

மேடையில் ஏறி, வருகைப் பதிவுக் கொப்பியைத் திறந்து பார்த்தேன். 'பணியிடம்' என்ற பத்தியில் "கொட்டில் 14". 'பதவி' என்ற பத்தியில் "விதவை". 'தகைமை' என்ற பத்தியில் "பிள்ளைகள் மூன்று, மாமியார் ஒன்று".

காலையில் நான் அந்தோனியண்ணைக்குச் சொன்னது காதுக்குள் திரும்பக் கேட்டது. வாற எல்லாருக்கும் பேர் பதிஞ்சு அட்டை குடுங்கோ, ஒருத்தரையும் திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ. அவரும் ஒருத்தரையும் திருப்பி அனுப்பவில்லை. வெளியே ஒரு மேசை, ஒரு கொப்பி, ஒரு ரப்பர் முத்திரை, பக்கத்தில் கொழும்பிலிருந்து வந்த வெள்ளை வாகனம். அந்தக் காலத்தில் இவையெல்லாம் ஓரிடத்தில் கூடினால் சனம் எதற்கென்று கேட்காது, வரிசையில் நின்றுவிடும். கேட்டு முடிப்பதற்குள் சாமான் முடிந்துவிடும் என்பது அவர்கள் கண்ட அனுபவம். முகாம் முழுக்க நிவாரணப் பதிவென்று வந்திருந்தது.

உண்மையைச் சொன்னால் டொக்டர் எழும்பிப் போய்விடுவார். பால்மா களஞ்சியத்திலேயே கிடக்கும். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

"மதிப்புக்குரிய ஊட்டச்சத்து மருந்தாளர்களே!"

ஒருவரும் அசையவில்லை. ஒரு குழந்தை மட்டும் வீரிட்டு அழுதது. அரை மணி நேரம் பேசினேன். வகிபாகம் என்று நான் சொன்னபோதெல்லாம் அதே குழந்தை வீரிட்டது. ஆனால் ஒருவர்கூட எழும்பிப் போகவில்லை. கொழும்பில் மாநாடென்றால் பத்து நிமிடத்தில் பாதிப்பேர் தேநீருக்குப் போய்விடுவார்கள், இவர்களுடைய ஈடுபாட்டைப் பாருங்கள் என்று டொக்டர் எனக்குக் குசுகுசுத்தார். சாமான் கொடுக்காமல் இவர்கள் அசையமாட்டார்கள் என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

பிறகு கேள்வி நேரம். மலையகத்திலிருந்து வந்து வெள்ளாங்குளத்தில் குடியேறி, அங்கிருந்தும் இடம்பெயர்ந்து முகாமுக்கு வந்த மாரியாயி அக்கா முதலில் எழும்பினார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கழுத்தில் அட்டை, இடுப்பில் பிள்ளை.

"மிஸ், பேசுனதெல்லாம் சரிங்க. பால்மா எப்ப குடுப்பீங்க?"

"விநியோக ஒழுங்கு பற்றிக் கேட்கிறார்" என்று டொக்டருக்கு மொழிபெயர்த்தேன்.

பின்னாலிருந்த ஒரு முதியவர் சத்தம் போட்டார். "போனமுறை தந்த மாவுக்குள்ள புழுவெல்லோ கிடந்தது!"

"தரக் கட்டுப்பாடு பற்றிய கரிசனை" என்றேன். டொக்டர் மடமடவென்று குறிப்பெடுத்தார். அந்தப் பெண்ணுக்கு எத்தனை வருட அனுபவம் என்று கேட்கச் சொன்னார். நான் மாரியாயி அக்காவிடம் எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டேன்.

"எட்டு வருஷமா இப்படித்தாங்க அலையுறோம்."

"எட்டு வருடக் கள அனுபவம்" என்றேன்.

அதன்பிறகு நான் பொய் சொல்லத் தேவைப்படவில்லை. பால்மா கிடைத்தால் அதை எப்படிக் கரைத்துக் கொடுப்பீர்கள் என்று டொக்டர் கேட்டார். மாரியாயி அக்கா பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற வைப்பது, மாவைக் குழைத்துவிட்டுத்தான் மீதித் தண்ணீர் விடுவது, வெள்ளைத் துணியில் வடிப்பது, ஒரேயடியாகப் புகட்டாமல் கரண்டி கரண்டியாகக் கொடுப்பது, வாந்தி எடுத்தால் பொறுத்திருந்து மறுபடி கொடுப்பது. என்னுடைய அரை மணி நேரப் பேச்சில் இதில் ஒன்றுகூட இருக்கவில்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. டொக்டர் எழும்பி நின்று கைதட்டினார். அட்டை போட்ட நாற்பது பேருக்கும் தன் கையாலேயே சான்றிதழ் கொடுத்தார். சனம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது, இதை எந்தக் கடையில் கொடுத்தால் சாமான் தருவார்கள் என்று அந்தோனியண்ணையிடம் விசாரித்தது.

மூன்றாவது கிழமை பால்மா வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதம். சான்றிதழ் பெற்ற நாற்பது பேர் மட்டுமே இதைக் கையாள வேண்டும், மேலதிகமாக யாராவது தேவைப்பட்டால் அவர்களே பயிற்றுவித்துச் சான்றிதழ் வழங்கலாம் என்று எழுதியிருந்தது.

பால்மாவைப் பூட்டி வைத்திருந்த எங்கள் வைத்தியசாலைக் களஞ்சியத்தின் திறப்பைக் கேட்டேன். அந்தோனியண்ணை தரவில்லை.

"மிஸ்ஸின்ர பேர் லிஸ்ட்டில இல்லையே."

"அண்ணை, நான்தானே அந்த மாநாட்டை நடத்தினனான்!"

"அது ஓம். ஆனா நடத்தின ஆளுக்குச் சேட்டிபிக்கட் குடுக்கேல்லைத்தானே."

ஆகவே நான் பயிற்சிக்குப் போனேன். முகாமில், கொட்டில் பதினாலில், மாரியாயி அக்கா முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்து பால்மா கரைத்தேன். அவர் கரண்டியால் கிளறிப் பார்த்தார்.

"கட்டி கட்டியா கெடக்குங்களே மிஸ். புள்ள தொண்டையில நிக்கும். இது சரிப்படாது, நாளைக்கி வாங்க."

மறுநாளும் கட்டி. மூன்றாம் நாள்தான் தேறினேன். மீந்த தாளொன்றில் சான்றிதழைத் தட்டச்சு செய்ததும் நானே. 'பயிற்றுநர்' என்ற இடத்தில் அவர் பெரிய பெரிய எழுத்தில் கையொப்பம் வைத்தார். அந்த நாற்பது பேரும் ஒழுங்காகக் கொடுத்த பாலில் பிள்ளைகளின் கன்னத்தில் சதை பிடித்தது. அவருடைய கடைக்குட்டி ஓடித் திரிந்தான். அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும், கூடவே சிரிப்பும் வரும்.

அந்தச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியவர் என் கணவர். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் அவர் சும்மா விடுவதில்லை. "இவ மூண்டாந்தரம்தான் பாஸ் பண்ணினவ" என்று தொடங்குவார், நான் தண்ணீர் குடிக்க எழும்புவேன்.

போன ஞாயிறு மகளைப் பெண்பார்க்க வந்தவர்களுக்கு நான் பால்மாத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுடைய கோப்பையில் ஒரு கட்டி மிதந்தது. எல்லாரும் பார்த்தும் பாராதது போல இருந்தார்கள். என் கணவர் எழும்பிப் போய், சான்றிதழைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.