பதினெட்டு மெய்யும் ஒரு மனைவியும்

என் மனைவிக்குத் தெரியாமல் ஒரு விஷயத்தை வைத்துக்கொள்வது என்று ஐம்பத்தெட்டாம் வயதில் தீர்மானித்தேன். அதுவரை அந்த வீட்டில் நான் தனியாகச் செய்துகொண்டிருந்தது தும்மல் ஒன்றுதான். அதற்கும் அடுத்த அறையிலிருந்து, "ஜன்னலைச் சாத்துங்க" என்று குரல் வந்துவிடும்.

விஷயம் இதுதான்: எனக்கு மறதி வந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மறதி இல்லை. நான் வங்கியில் பெட்டக அறைக்குப் பொறுப்பாளன். ஒரு நாள் வாடிக்கையாளரைப் பெட்டகத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, என் கையிலிருக்கும் சாவி எதற்கு என்று அவரையே கேட்டேன். மருத்துவர் தலையைப் படம் எடுத்துப் பார்த்தார். மெதுவாகத்தான் முற்றும் என்றார். நடப்பதை அன்றன்றே எழுதிவைக்கச் சொன்னார். மனைவியிடம் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

அதை எப்படிச் சொல்வது? இதே நோயோடு தன் அம்மாவை ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தவள் அவள். கடைசி வருடம் முழுக்க மாமியார் காலையில் கண் விழித்ததும், "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று மகளை மரியாதையாக விசாரிப்பார். இவளும் தினமும் பொறுமையாகப் பதில் சொல்வாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயை வெகுநேரம் திறந்து வைத்திருப்பாள். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஆகவே ஒரு நோட்டு. நோட்டில் சங்கேத எழுத்து. பதினெட்டு மெய்யையும் குலுக்கி, ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று அட்டவணை போட்டேன். 'க' வரும் இடத்தில் 'ழ', 'த' வரும் இடத்தில் 'ங' என்று வைத்துக்கொள்ளுங்கள். கொம்பு, கால், புள்ளியெல்லாம் இருந்தபடியே இருக்கும். வாய்விட்டுப் படித்தால் வாயில் வெந்நீரை வைத்துக்கொண்டு ஒருவன் அழுவதுபோல் கேட்கும். அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டு அடுப்பில் எரித்தேன். மறதிக்காரன் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை.

நடந்தது, மறந்தது, விழுங்கிய மாத்திரை, மருத்துவர் அடுத்து வரச் சொன்ன நாள் எல்லாவற்றையும் எழுதினேன். தினமும் முடிவில், திருப்தியாக ஒரே வரி.

ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் திறந்தேன். 'ழ' என்றால் என்ன? தெரியவில்லை. 'ங'? தெரியவில்லை. என் கையெழுத்துதான். ஒரு சொல்கூடப் புரியவில்லை. மருத்துவரிடம் போகவேண்டிய நாள் அந்தக் காட்டுக்குள் எங்கேயோ இருந்தது. நோட்டைத் தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தேன்.

எதிரே அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வியாழக்கிழமை, பத்தரை மணிக்கு," என்றாள் நிமிராமலே.

"என்னது?"

"டாக்டர். நானும் வரேன்."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். இரண்டாவது வாரத்திலிருந்தே என்றாள். முப்பது வருடம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எந்தக் கிறுக்கலையும் படிப்பாள். ஆனால் இது கிறுக்கல் இல்லையே, பூட்டு ஆயிற்றே.

"தினமும் கடைசியில ஒரே வரி எழுதினீங்க," என்றாள். "புருஷன் ஒளிச்சு எழுதுற நோட்டுல தினமும் வர்ற வரி வேற என்னவா இருக்கும்? 'அவளுக்குத் தெரியாது.' அதுல ஆறு எழுத்து கிடைச்சுது. மிச்சம் தானா வந்துச்சு."

குழாய்ச் சத்தம் கேட்கவே இல்லையே என்றேன், அசட்டுத்தனமாக.

"உங்களுக்குக் கேட்டுடும்னு மொட்டை மாடிக்குப் போயிடுவேன்."

மடித்துவைத்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

இப்போது அந்த நோட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். சாயங்காலங்களில் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். சில நாட்கள் ஞாபகத்தில் இருக்கின்றன. மற்றவற்றை யாருக்கோ நடந்ததுபோல் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று ஒரு பக்கத்தில் குரலைச் சற்று உயர்த்தினாள்.

"'இன்றைய சண்டையில் தப்பு என்னுடையதுதான். பரணை நானே சுத்தம் செய்வதாக ஒப்புக்கொண்டேன்.'"

"நானா அப்படி எழுதினேன்?"

"நீங்களே பாருங்க," என்று நோட்டைத் திருப்பி நீட்டினாள்.

பார்த்தேன். என் கையெழுத்தேதான். வரிக்கு வரி வெந்நீர் அழுகை. மறுப்பதற்கு என்னிடம் ஓர் எழுத்துகூட இல்லை.

ஏணி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். காலையிலேயே அதைப் பரணுக்கு நேராகச் சாத்தி வைத்திருந்தாள்.